தூக்க முடியாத பிள்ளை

பொட்டல்குறிச்சி பால்வாடியில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, அடுப்படியில் முட்டை வெந்துகொண்டிருந்த நேரம், சௌந்தரபாண்டியின் மகன் மிதுன், நாலு வயசு, பதிமூன்று கிலோ, யாராலும் தூக்க முடியாத கனமாகிப் போனான். அது எப்படி நடந்தது என்று பிற்பாடு கேட்க வந்தவர்களுக்கெல்லாம் கனி டீச்சர் ஒரே பதிலைத்தான் சொன்னாள்: "எப்படின்னு எனக்குத் தெரியாது. ஏன்னுதான் தெரியும்."

நீலப் பாயின் ஓரத்தில் சுவரில் சாய்ந்துகொள்ள வாட்டமாக ஓர் இடம் உண்டு. அன்றைக்கு அந்த இடத்தில் கீழத்தெரு மாரியப்பனின் மகள் சுடர்மதி முதலில் வந்து உட்கார்ந்திருந்தாள். பிறகு வந்த மிதுன் அவள் முன்னால் நின்று "எந்திரி" என்றான். அவள் எழுந்திருக்கவில்லை. அவன் ஒரு வார்த்தை சொன்னான். மேலத்தெருவிலிருந்து கீழத்தெருவைப் பார்த்து எத்தனையோ தலைமுறையாக எறியப்பட்டு வரும் வார்த்தை அது, அதை இங்கே எழுதப்போவதில்லை, தெரிந்தவர்களுக்கு எழுத வேண்டியதில்லை, தெரியாதவர்களுக்குத் தெரியாமலே இருக்கட்டும். சொல்லிவிட்டு இரண்டு கையாலும் தள்ளினான். சுடரின் நெற்றி நிலைப்படியில் மோதி, அவளுடைய வாத்துப் படம் போட்ட கவுனில் ரத்தம் கோடாக இறங்கியது. மிதுன் அவள் விழுந்ததில் காலியான இடத்தில் தொப்பென்று உட்கார்ந்தான். உட்கார்ந்தவன்தான்.

கனி டீச்சரின் முழுப்பெயர் சண்முகக்கனி. இருபத்திரண்டு வருஷமாகப் பக்கத்து ஊரிலிருந்து மினி பஸ்ஸில் வந்து அந்தப் பால்வாடியை நடத்துகிறவள். முதலில் சுடரைத் தூக்கி நெற்றியைத் துணியால் அழுத்திப் பிடித்து, சமைக்கிற பேச்சியக்காவோடு ஊர் நர்சம்மாவின் ஸ்கூட்டரில் ஏற்றி அனுப்பினாள். இரண்டு தையல் போட வேண்டியிருந்தது. அப்புறம் திரும்பி மிதுனின் கையைப் பிடித்து, இருபத்திரண்டு வருஷமாகச் சொல்லிவந்ததைச் சொன்னாள். "எந்திரிச்சு நில்லு. பாப்பா வந்ததும் சாரி சொல்லணும், என்ன?"

அவன் எழுந்திருக்கப் பார்த்தான். முடியவில்லை. கனி அவன் அக்குளுக்குள் கை கொடுத்துத் தூக்கினாள். ஊர்த் தண்ணீர்த் தொட்டியைக் கட்டிப்பிடித்துத் தூக்கப் பார்த்தது போலிருந்தது.

அவன் அம்மா ரேவதி ஓடி வந்து தூக்கிப் பார்த்தாள். அப்பா சௌந்தரபாண்டி, ஊரைச் சுற்றி நிற்கிற காற்றாலைகளுக்குக் காவலாளும் வேலையாளும் அனுப்புகிற காண்டிராக்டர், புல்லட்டின் எஞ்சினை அணைக்காமலே இறங்கி வந்து தூக்கிப் பார்த்தார். மேலத்தெரு இளவட்டங்கள் ஆறு பேர் சேர்ந்து துணி கட்டித் தூக்கிப் பார்த்தார்கள். மறுநாள் காற்றாலை இறக்கையையே தூக்கி நிறுத்துகிற கிரேன் வந்தது. கூரைத் தகரங்களைக் கழற்றி, பிள்ளையின் இடுப்பில் மெத்தை சுற்றி, அகலப் பட்டையை மாட்டி இழுத்தபோது கிரேனின் பின்சக்கரங்கள் தரையை விட்டு எழும்பின. மிதுன் "கூசுது, கூசுது" என்று சிரித்தான். பட்டை அறுந்தது. ஆரம்ப சுகாதார நிலையத்து டாக்டர் வந்து நாடி பார்த்து, நெஞ்சில் குழாய் வைத்துக் கேட்டு, வயிற்றை அமுக்கி, "நல்லா இருக்கான், பசிக்குதாம், சோறு போடுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

கனத்துப்போன ஒரு பிள்ளையை ஓர் ஊர் எத்தனை நாளைக்குத்தான் ஆச்சரியமாகப் பார்த்துக்கொண்டிருக்கும்? முதல் நாள் மயங்கி விழுந்தவர்கள் மூன்றாம் நாள் வேடிக்கை பார்க்கும்போது கையோடு முறுக்கு கொண்டு வந்தார்கள். மினி பஸ் கண்டக்டர் "கனத்த பிள்ளை ஸ்டாப் எல்லாம் இறங்கு" என்று கூவப் பழகினான், டீக்கடையில் வடைக்கு மாவு இரண்டு பங்காயிற்று, வெளியூரிலிருந்து எலுமிச்சம்பழ மாலையோடு வந்தவர்கள் பிள்ளையின் கழுத்தில் போட்டுக் கும்பிட்டார்கள். கனி ஒவ்வொரு மாலையாகக் கழற்றி எடுத்தாள். "சாமியா இருந்தா முட்டை கேட்டு அழாதுங்க. இவன் அழுவான். கையெடுத்துக் கும்பிட்டு அவனைக் கெடுக்காதீங்க." கூரையில்லாத பால்வாடியில் வகுப்பு நடந்தது. காற்றாலை இறக்கையின் நிழல் மூச்சுக்கு ஒரு தடவை பிள்ளைகள் மேல் ஓடிப் போயிற்று. பிள்ளைகளுக்கு அந்த நிழலும் பழகிப்போயிற்று, கனத்த மிதுனும் பழகிப்போனான். கல்லா மண்ணா விளையாட்டில் அவனைக் கல்லாக வைத்துக்கொண்டார்கள். அவனைத் தொட்டுக்கொண்டு நிற்கிறவரைப் பிடிக்கக் கூடாது என்று விதி. சுடர் மட்டும் அவனைத் தொடமாட்டாள். துரத்திக்கொண்டு வருகிறவன் கை முதுகில் படும் தூரத்தில் வந்தாலும், மிதுன் எட்டித் தொடுகிற தூரத்தில் இருந்தாலும், தொடாமலே நின்று பிடிபடுவாள். நெற்றியில் ஒட்டுப் போட்டுக்கொண்டு ஒரு நாளைக்குப் பத்துத் தடவை பிடிபட்டாள்.

ராத்திரியில் ரேவதி மகன் பக்கத்தில் பாய் விரித்துப் படுத்தாள். பகலில் அவனைக் குளிப்பாட்டுவதும் கழுவித் துடைப்பதும் பேச்சியக்காவிடம் வந்து சேர்ந்தது. ரேவதிக்கு அழுகையே முழுநேர வேலையாக இருந்தது. கீழத்தெருப் பேச்சியக்கா மேலத்தெருப் பிள்ளைக்கு ஈரத்துணியால் கால் இடுக்கைத் துடைத்துப் பவுடர் போட்டுவிட்டாள். அதைப் பார்த்தும் யாரும் எதுவும் சொல்லவில்லை. சொன்னால் தாங்கள் செய்யவேண்டி வரும் என்று தெரிந்திருந்தது.

வெள்ளிக்கிழமைக்குள் ஊர் ஒரு முடிவுக்கு வந்துவிட்டது. தள்ளப்பட்டவள் மன்னித்துவிட்டால் கனம் இறங்கிவிடும். அதை யார் முதலில் சொன்னார்கள் என்று தெரியாது, ஆனால் எல்லோரும் தாங்கள்தான் சொன்னதாகச் சொன்னார்கள். சௌந்தரபாண்டி ஆள் அனுப்பினார். மாரியப்பன் அவரிடம்தான் காற்றாலைக் காவல் வேலை பார்த்தான், மகளைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து நின்றான். பால்வாடி வாசலில் முப்பது நாற்பது பேர்.

"ஏல மாரியப்பா, பிள்ளையைச் சொல்லச் சொல்லு" என்றார் சௌந்தரபாண்டி.

மாரியப்பன் மகளை இறக்கிவிட்டான். அவன் குரல் உள்ளே போயிருந்தது. "சுடரு, மன்னிச்சிட்டேன்னு சொல்லிரும்மா. வீட்டுக்குப் போயிரலாம்."

"அண்ணாச்சி, வேண்டாம்" என்றாள் கனி. "அந்தப் பிள்ளைக்கு இன்னும் தையல் பிரிக்கல."

"டீச்சர், நீங்கதான இவ்வளவு வருஷமாச் சொல்லிக் குடுக்கீங்க? சாரி சொல்லு, பரவால்ல சொல்லுன்னு பாட்டாவே படிச்சுக் குடுத்திருக்கீங்க. இன்னைக்கு மட்டும் என்ன?"

அது நிஜம். கனியே கட்டின பாட்டு. யாராவது யாரையாவது கிள்ளினால் இரண்டு பிள்ளைகளையும் எதிரெதிரே நிறுத்தி, சாரி சாரி சாரி, பரவால்ல பரவால்ல, கை குலுக்கு, போய் விளையாடு என்று கைதட்டிப் பாட வைப்பாள். பால்வாடிகளை மேற்பார்க்கிற சூப்பர்வைசரம்மா பக்கத்து ஊர் மையத்துக்காரர்களைக் கூட்டிவந்து அதைக் காட்டியிருக்கிறாள்.

மிதுனிடம் சாரி சொல்லச் சொன்னார்கள். அவன் அந்தப் பாட்டின் ராகத்திலேயே சொன்னான். சுடர் அப்பாவின் வேட்டி நுனியைப் பிடித்துக்கொண்டு, யாரையும் பார்க்காமல், உதடு மட்டும் அசைய, "பரவால்ல" என்றாள்.

தரை விரிந்தது. மிதுனுக்குக் கீழே சிமெண்டுத் தளம் பாளம் பாளமாக வெடித்து, அவன் பாயோடு நாலு விரற்கடை உள்ளே இறங்கினான். அதுவரைக்கும் சிரித்துக்கொண்டிருந்த பிள்ளை முதல் தடவையாகப் பயந்து அலறினான். கூட்டம் பின்வாங்கியது. சுடர் அப்பாவின் காலுக்குப் பின்னால் போய்விட்டாள்.

கூட்டம் கலைந்த பிறகு கனி அடுப்படியில் போய் உட்கார்ந்தாள். பேச்சியக்கா பருப்புச் சட்டியைத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"நான் என்னக்கா சொல்லிக் குடுத்திருக்கேன் இத்தன வருஷமா?" என்றாள் கனி.

பேச்சியக்கா தேய்ப்பதை நிறுத்தவில்லை. "டீச்சர், நான் வேலைக்குச் சேந்த புதுசுல, நான் வச்ச சாம்பாரை மேலத்தெருக்காரங்க வந்து சட்டியோட வாசல்ல கவுத்தாங்கல்ல, ஞாபகம் இருக்கா?"

"இருக்கு."

"நீங்க அவங்களோட சண்ட போட்டீங்க. அதையும் சொல்லணும். சண்ட போட்டு என்னை வேலையில வச்சிக்கிட்டீங்க. ஆனா அவங்க போனப்புறம் எங்கிட்ட வந்து, விடுங்கக்கா, மனசுல வச்சிக்காதீங்க, பரவால்லன்னு போவோம்னீங்க. நானும் பரவால்லன்னேன். பரவால்லையான்னு மட்டும் யாரும் கேக்கல."

கனிக்குக் கண் கலங்கிற்று. துடைத்துக்கொள்ளாமல் எழுந்து, ஈரத்தரையில் பேச்சியக்கா எதிரில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். "நான் செஞ்சது தப்புக்கா. எனக்கு அன்னைக்கு அமைதி வேண்டியிருந்துச்சு, அதுக்கு உங்க வாயை அடைச்சேன். என்னை மன்னிப்பீங்களா?"

பேச்சியக்கா சட்டியைக் கவிழ்த்து வைத்தாள். கையைக் கழுவினாள். முந்தானையில் நிதானமாகத் துடைத்தாள்.

"இப்பம் இல்ல டீச்சர். யோசிச்சுச் சொல்லுதேன்."

கனி தலையாட்டினாள். ஏதோ கதவு திறந்தாற்போல் அவளுக்கு மூச்சு நன்றாக வந்தது.

திங்கட்கிழமை காலை சௌந்தரபாண்டி ஆட்களோடு மறுபடி வந்தபோது கனி வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். இந்தத் தடவை அவர் ஒரு பூசாரியையும், சுடருக்கு என்று ஒரு பெரிய பொம்மைக் காரையும் கொண்டு வந்திருந்தார். கனி எழுந்திருக்கவில்லை.

"உள்ள அஞ்சு வயசுக்கு மேல யாருக்கும் இடமில்ல அண்ணாச்சி. அவன் அம்மா வரலாம். வேற யாரும் வரக்கூடாது."

"யாருகிட்ட பேசுதீங்கன்னு தெரியுதா?"

"மிதுன் அப்பாகிட்ட பேசுதேன்."

"ஒரு போன்தான் டீச்சர். ஒரே ஒரு போன். நாளைக்கு நீங்க எங்கயோ மலை மேல இருப்பீங்க."

"பண்ணுங்க" என்றாள் கனி. "நான் மலைக்குப் போற வரைக்கும் இது என் வகுப்பு. அந்தப் பிள்ளை மனசு அந்தப் பிள்ளையோடது. அவ குடுத்தாக் குடுப்பா. குடுக்கலன்னா உங்க மகன் இங்கயே உக்காந்திருப்பான், பள்ளிக்கூடம் போற வயசு வந்தாலும், மீசை முளைச்சாலும் இங்கயே உக்காந்திருப்பான், நான் ரெண்டு பேருக்கும் சோறு போடுவேன். ரெண்டு பேரும் என் பிள்ளைங்க. ஆனா அவ வாயில இன்னொரு தடவை ஒரு வார்த்தையைத் திணிக்க இங்க யாருக்கும் விடமாட்டேன். மொதல்ல எனக்கே விடமாட்டேன்."

சௌந்தரபாண்டி பொம்மைக் காரைத் தரையில் போட்டுவிட்டுப் போனார். அதன் சக்கரம் சுற்றிக்கொண்டே இருந்தது.

உள்ளே போய்க் கனி பிள்ளைகளை வட்டமாக உட்கார வைத்தாள். கீழத்தெருப் பிள்ளைகள் ஒன்பது, மேலத்தெருப் பிள்ளைகள் பதினொன்று, எல்லாம் அவள் முகத்தைப் பார்த்தன. "டீச்சர் உங்களுக்கு ஒரு பாட்டு தப்பாச் சொல்லிக் குடுத்துட்டேன். அதை மறந்துருங்க. இனிமே யாராவது அடிச்சா, வலிக்குதுன்னு சொல்லணும். கோவம் வந்தா, கோவமா இருக்கேன்னு சொல்லணும். அவங்க வந்து சரியாப் போச்சான்னு கேட்டா, சரியாப் போயிருந்தா ஆமா சொல்லு. போகலன்னா?"

பிள்ளைகளுக்குத் தெரியவில்லை.

"இன்னும் இல்லன்னு சொல்லு."

"இன்னும் இல்ல" என்றார்கள் இருபது பேரும். அவர்களுக்கு அது ரொம்பப் பிடித்துப்போயிற்று. அன்றைக்குச் சாயங்காலமே அது தெருவுக்கு இறங்கியது. மேலத்தெருவில் ஒரு பிள்ளை, கன்னத்தில் அறைந்துவிட்டு மிட்டாய் நீட்டிய அப்பாவிடம், மிட்டாயை வாங்கிக்கொண்டு "இன்னும் இல்ல" என்றது. பிள்ளைகளிடமிருந்து அது அம்மாக்களுக்குத் தொற்றியது, குடித்துவிட்டு வந்து அடித்தவன் விடிந்ததும் காபி டம்ளரோடு வந்து நின்றால் பெண்டாட்டி காபியைக் குடித்துவிட்டு "இன்னும் இல்ல" என்றாள், மாமியாரிடம் மருமகள் சொன்னாள், பங்காளியிடம் பங்காளி சொன்னான், காற்றாலைக்கு ஆளெடுக்கிற இடத்தில் மேஸ்திரி "நேத்து ஏதோ கோவத்துல பேசிட்டேன், விடுங்கப்பா" என்றபோது பன்னிரண்டு பேர் மம்பட்டியைக் கீழே வைத்துவிட்டு ஒன்றாகச் சொன்னார்கள். ஊரில் சத்தம் அதிகமாயிற்று. ஆனால் அத்தனை வருஷமும் ஊர் அமைதி என்று நினைத்திருந்தது அமைதியே இல்லை என்று சிலருக்காவது தெரியவந்தது.

மிதுனுக்கு வேடிக்கை தீர்ந்து போயிருந்தது. பள்ளத்தில் உட்கார்ந்துகொண்டு மற்றவர்கள் ஓடுவதைப் பார்ப்பது மட்டும்தான் அவன் வேலை. ஒரு மத்தியானம் ரேவதி அவனுக்கு ஊட்டிக்கொண்டிருக்கும்போது கனியைக் கேட்டான். "டீச்சர், நான் சொன்னது கெட்ட வார்த்தையா?"

கனி பதில் சொல்லும் முன் ரேவதியின் கை பாதியில் நின்றது. "அந்த வார்த்தை எங்க வீட்ல இருக்கது டீச்சர்" என்றாள். தலை குனிந்தே இருந்தது. "உப்பை எடுன்னு சொல்லுத மாதிரி சொல்லுவோம். சாப்பிடும்போது சொல்லுவோம். நானும்தான்."

கனி மிதுன் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். "ரொம்பக் கெட்ட வார்த்தைப்பா. அதை உனக்குப் பெரியவங்க குடுத்தாங்க. அதுக்கு அவங்கதான் பதில் சொல்லணும். ஆனா தள்ளினது யாரு கை?"

மிதுன் தன் இரண்டு கையையும் விரித்துப் பார்த்தான். சோற்றுப் பருக்கை ஒட்டிக்கொண்டிருந்தது. "என் கை" என்றான்.

"அப்பம் கைக்கு நீ பதில் சொல்லு."

என்ன பதில் என்று அவள் சொல்லிக் கொடுக்கவில்லை. அதுதான் அவளுக்கு இருந்ததிலேயே கஷ்டமான காரியம். நாக்கின் நுனிவரைக்கும் வந்து நின்றதை ஒவ்வொரு நாளும் விழுங்கினாள்.

ரேவதி அன்றைக்குச் சாயங்காலம் கல்யாணம் ஆகி வந்த ஏழு வருஷத்தில் முதல் தடவையாகக் கீழத்தெருவுக்குள் நடந்து போனாள். சுடரின் அம்மா அன்னக்கொடி வாசலில் சாணி தெளித்துக்கொண்டிருந்தாள். ரேவதி தெருவிலேயே நின்று, பக்கத்து வீடுகளுக்கும் கேட்கும்படி, "அந்த வார்த்தை என் வாயிலருந்துதான் என் பிள்ளைக்குப் போச்சு, அதைச் சொல்லத்தான் வந்தேன், வேற எதுவும் கேக்க வரல" என்றாள். அன்னக்கொடி உள்ளே வா என்று சொல்லவில்லை. போ என்றும் சொல்லவில்லை. சாணித் தண்ணீர் ரேவதியின் காலில் படாமல் தெளித்து முடித்தாள்.

மிதுன் தானாக ஒன்றைக் கண்டுபிடித்தான். நாள் முழுக்க உட்கார்ந்திருக்கிறவனுக்குச் சுடரின் நெற்றி கண்ணில் பட்டுக்கொண்டே இருந்தது. அதனால் அவள் அந்தப் பக்கமாகப் போகும்போதெல்லாம் கேட்டான். "வலிக்கா?"

"ஆமா" என்று போய்விடுவாள்.

மறுநாள் கேட்டான். "ஆமா." தையல் பிரித்து வந்த அன்றைக்குக் கேட்டான். "ஆமா. ஊசி வச்சு இழுத்தாங்க." அதற்கடுத்த நாள், "தொட்டா மட்டும்." அதற்கும் அடுத்த நாள் அவள் பதில் சொல்லவில்லை. ஆனால் நடக்காமல் நின்றாள்.

பதினைந்தாம் நாள். அதுவும் செவ்வாய்க்கிழமை. பிள்ளைகள் வெளியே வேப்பமரத்தடியில் இருந்தார்கள். கனி உள்ளே பாய்களைத் தட்டிக்கொண்டிருந்தாள், அதனால் முழுவதையும் கேட்டாள். கேட்கிறதைக் காட்டிக்கொள்ளாமல் ஒரே பாயைத் தட்டிக்கொண்டே இருந்தாள்.

சுடர் வந்து பள்ளத்தின் விளிம்பில் நின்றாள்.

"வலிக்கா?"

"இல்ல. கோடு இருக்கு."

"காட்டு."

அவள் குனிந்து முடியை ஒதுக்கிக் காட்டினாள். மிதுன் பார்த்தான். சின்னக் கம்பளிப்பூச்சி மாதிரி இருந்தது. பார்த்துக்கொண்டே இருந்தவனுக்கு வாய் கோணிற்று, அப்புறம் யாரும் சொல்லாமலே அழுதான், மூக்கு ஒழுக அழுதான்.

"நான்தான் தள்ளினேன்."

"ஆமா. நீதான்" என்றாள் சுடர்.

"இனிமே தள்ளமாட்டேன்."

"தள்ளினா?"

அவன் யோசித்தான். "நீயும் தள்ளு. நான் அம்மாகிட்ட சொல்லமாட்டேன்."

சுடர் அதை மனசுக்குள் எடை போட்டாள். அவள் முகத்தில் சிரிப்பில்லை. நாலு வயசுப் பிள்ளையின் முகம் அவ்வளவு கடினமாக இருக்க முடியும் என்பதைக் கனி பாய்க்குப் பின்னாலிருந்து பார்த்தாள். கடைசியில் சுடர் அவன் உட்கார்ந்திருந்த பாயின் ஓரத்தைக் காலால் தொட்டு, "எனக்குக் காலு வலிக்கு. தள்ளி உக்காருல" என்றாள்.

மிதுன் தள்ளி உட்கார்ந்தான்.

பதினைந்து நாளாக யாராலும், கிரேனாலும், அசைக்க முடியாதவன் ஒரு முழம் நகர்ந்து இடம் விட்டான். சுடர் பள்ளத்துக்குள் இறங்கி அவன் பக்கத்தில் உட்கார்ந்து சுவரில் சாய்ந்துகொண்டாள். இரண்டு பேருக்கும் நடந்தது தெரியவில்லை. கனி தட்டிக்கொண்டிருந்த பாயை மார்போடு அணைத்துக்கொண்டாள். அது மன்னிப்பா என்று அவள் அன்றைக்கும் கேட்கவில்லை, அப்புறம் ஒருநாளும் கேட்கவில்லை.

சௌந்தரபாண்டி வந்து மகனைத் தோளில் தூக்கிக்கொண்டார். பதிமூன்று கிலோதான் இருந்தான். வாசலில் ஊர் நின்றது. அவர் சந்தோஷத்தில் மாரியப்பனைப் பார்த்துச் சிரித்தார். "சரிலே மாரியப்பா, எல்லாம் முடிஞ்சு போச்சு. பரவால்லல்லா?"

மாரியப்பன் தோளில் கிடந்த துண்டு தோளிலேயே கிடந்தது. "இன்னும் இல்ல" என்றான்.

எல்லோரும் சௌந்தரபாண்டியின் காலைத்தான் பார்த்தார்கள், தரை விரிகிறதா என்று. விரியவில்லை. அவர் சாதாரணமாகத் திரும்பி, சாதாரணமாக புல்லட்டில் ஏறிப் போனார். பெரியவர்களுக்குக் கனம் ஏறுவதில்லை என்று ஊர் அன்றைக்குத் தெரிந்துகொண்டது.

மாரியப்பனுக்கு மறுநாளிலிருந்து காவல் வேலை இல்லை. ஒரு மாதத்துக்குள் மேலத்தெரு உச்சியில் சௌந்தரபாண்டி சிமெண்டு மூட்டை அடுக்குகிற கிட்டங்கிக்கு வெள்ளையடித்து, சுவரில் யானையும் ஆப்பிளும் வரைந்து, மேலத்தெருப் பிள்ளைகளுக்குத் தனி மையம் என்று ஏற்பாடாயிற்று. சூப்பர்வைசரம்மா இரண்டு காகிதத்தோடு வந்தாள். ஒன்று பிள்ளைகளைப் பிரிக்கிற காகிதம், இன்னொன்று கனியை மலையோரத்து மையத்துக்கு மாற்றுகிற காகிதம்.

"நான் என்ன செய்ய கனி? மேலருந்து வருது" என்றாள்.

"மேலருந்துதான் மேடம் எல்லாம் வருது" என்றாள் கனி. வாங்கிக் கையெழுத்துப் போட்டாள். "நாளைக்கு ஒரு நாள் நான் இங்கதான்."

மறுநாள் காலை ஒன்பது மணிக்கு மேளத்தோடு திறப்புவிழா. பதினொரு பிள்ளைகளும் புதுச் சட்டை போட்டு, கையில் பலூனோடு, அம்மா அப்பா கையைப் பிடித்துக்கொண்டு புதுக் கட்டடத்தைப் பார்த்து ஊர்வலமாக வந்தார்கள். மினி பஸ் திரும்புகிற முக்குக்கு வந்ததும் முன்னால் போன மிதுன் அப்பாவின் கையை உருவிக்கொண்டு, நடுரோட்டில், தொப்பென்று உட்கார்ந்தான். அவனுக்குப் பின்னால் பத்துப் பிள்ளைகளும் உட்கார்ந்தார்கள்.

அம்மாக்கள் குனிந்து தூக்கினார்கள். முடியவில்லை. அப்பாக்கள் தூக்கினார்கள். தார் ரோடு மெல்ல அமுங்கியது. மேளம் நின்றது. மினி பஸ் வந்து, ஹாரன் அடித்து, டிரைவர் இறங்கிப் பார்த்துவிட்டு எஞ்சினை அணைத்தான். சௌந்தரபாண்டி மகன் முன்னால் குத்துக்காலிட்டார். "எப்பா, என்னப்பா, யாரைத் தள்ளின? யாருகிட்ட சாரி சொல்லணும்?"

"யாரையும் தள்ளல" என்றான் மிதுன். "சும்மாதான் உக்காந்திருக்கோம். எப்படி உக்காரணும்னு நான்தான் சொல்லிக் குடுத்தேன்."

"எந்திரில."

"இன்னும் இல்ல" என்றார்கள் பதினொரு பேரும்.

யாரோ ஓடிப்போய்க் கனியைக் கூட்டி வந்தார்கள். அவள் வந்தபோது கீழத்தெருப் பிள்ளைகள் ஒன்பதும் அவளுக்கு முன்னால் ஓடி வந்தார்கள், தட்டைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு. சௌந்தரபாண்டி எழுந்தார். வேர்த்துப் போயிருந்தார். "டீச்சர், எந்திரிக்கச் சொல்லுங்க. நீங்க சொன்னாக் கேக்கும்."

கனி ரோட்டைப் பார்த்தாள். நெடுகக் காற்றாலைகள் சுற்றிக்கொண்டிருந்தன. அவளுக்குப் பயமாகத்தான் இருந்தது. மலையோரத்துப் பஸ் எத்தனை மணிக்கு என்றுகூட விசாரித்து வைத்திருந்தாள்.

"நான் சொல்லமாட்டேன் அண்ணாச்சி" என்று சொல்லிவிட்டு, சேலையைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு தாரிலேயே சம்மணமிட்டு உட்கார்ந்தாள். "வாங்க பிள்ளைகளா. வட்டமா வாங்க. இன்னைக்கு வகுப்பு இங்க."

வகுப்பு நடந்தது. பேச்சியக்கா சோற்றுப் பானையையும் சாம்பார்ச் சட்டியையும் ஒன்றன்மேல் ஒன்றாகத் தலையில் வைத்துக் கொண்டுவந்தாள், அன்னக்கொடி முட்டைக் கூடையைப் பிடித்துக்கொண்டு பின்னால் வந்தாள். நடுரோட்டில், மேளக்காரர்களும் பஸ்ஸில் வந்தவர்களும் இரண்டு தெருக்களும் பார்த்து நிற்க, பேச்சியக்கா மிதுனின் தட்டில் சோறு வைத்துச் சாம்பார் ஊற்றினாள். கவிழ்க்க யாரும் வரவில்லை. ரேவதி புருஷன் முகத்தை ஒரு தடவை பார்த்தாள். அப்புறம் பட்டுச்சேலையோடு தாரில் உட்கார்ந்து, தனக்கும் ஒரு தட்டு கேட்டாள்.

மூன்று நாள் அந்த முக்கில்தான் பால்வாடி நடந்தது, ராத்திரியில் அம்மாக்கள் அங்கேயே பாய் விரித்தார்கள். மினி பஸ் சுற்றிக்கொண்டு போயிற்று. நாலாம் நாள் சூப்பர்வைசரம்மா முந்தின இரண்டு காகிதத்தையும் ரத்து செய்கிற வேறொரு காகிதத்தோடு வந்து, அதை வாசித்துக் காட்டி முடிக்கும் முன்பே பிள்ளைகள் எழுந்து, பலூன் குச்சியைக் கையில் பிடித்தபடி, பழைய கட்டடத்தைப் பார்த்து ஓடினார்கள். இருபது ஜோடிக் கால் ஓடுகிற சத்தத்துக்கு மேல் அவள் வாசித்தது யாருக்கும் கேட்கவில்லை. அவள் காகிதத்தை மடித்துக்கொண்டு, மையம் நடந்ததற்கான பதிவேட்டைக் கொண்டுவரச் சொன்னாள்.

மூன்று நாளுக்குரிய கட்டங்கள் காலியாக இருந்தன. "இதுல என்னம்மா எழுதப் போற? விடுமுறைன்னு போட்டுரு, ஒண்ணும் வராது" என்றாள்.

கனி பேனாவைத் திறந்தாள். வருகை, இருபது. உணவு, வழங்கப்பட்டது. மையம் நடைபெற்ற இடம் என்று கேட்டிருந்த கட்டத்தில் மூன்று நாளைக்கும் 'நடுரோடு' என்று தெளிவாக எழுதி, கீழே முழுப்பெயரையும் போட்டாள்.